ஒடென்சேயில் நல்லாய் இருக்கிற குடும்பம்

வீடு தேடி வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவரிடம் உண்மையைச் சொல்லும் வழக்கம் சண்முகலிங்கத்தின் பரம்பரையிலேயே கிடையாது. சம்பந்தி வீட்டார் கேட்டாலும் சரி, கோயில் ஐயர் கேட்டாலும் சரி, ஷெல் விழுந்து குசினிக் கூரை பறந்த மறுநாள் கொழும்பிலிருந்து வந்த மாமா கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான்: "நல்லாய் இருக்கிறம்." வந்தவர் பலகாரம் தின்று, தேத்தண்ணி குடித்து, வாய் துடைத்த பிறகுதான் கூரையைப் பற்றிய பேச்சு எடுபடும். அதுவும் அவராக நிமிர்ந்து பார்த்து, வானம் தெரிகிறதே என்று கேட்டால்.

ஒரேயொரு தடவைதான் அவர் இந்த வழக்கத்தை மீறினார். எண்பத்தாறில் டென்மார்க்குக்கு அகதியாக வந்து இறங்கியபோது ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சண்முகலிங்கம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "இதற்கு அத்தாட்சி இருக்கிறதா?" என்றார். அன்றைக்கே சண்முகலிங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அலுவலகத்துக்காரருக்கு நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும். நல்ல சேதிக்கு எவரும் அத்தாட்சி கேட்பதில்லை.

இந்த முடிவு அவரை முதலில் குடியமர்த்திய ஸ்கீவ என்ற சிறு நகரிலும் காப்பாற்றியது, பிறகு ஒடென்சேக்கு வந்து நகரப் பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகும் காப்பாற்றியது. மேலாளர் கேட்டாலும் நல்லாய் இருக்கிறார், பல் வைத்தியர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு கேட்டாலும் நல்லாய் இருக்கிறார். அவருடைய மகனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டதும் இதே முடிவுதான். கதை அதைப் பற்றியது.

மகன் நிதுஷன் டென்மார்க் இராணுவத்தில் இருந்தவன். ஆமிக்குப் பயந்து ஓடிவந்த மனிதரின் பிள்ளை ஆமியில் சேர்ந்ததைத் தமிழ்ச் சங்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்காதவர் இல்லை. கட்டாய சேவைக்குச் சீட்டு இழுத்துப் போனவன், அது முடிந்ததும் தானாகவே கையெழுத்து வைத்து ஆப்கானிஸ்தானுக்குப் போனான். அங்கே ஹெல்மண்ட் மாகாணத்திலிருந்து அவன் திரும்பி வந்தபோது கை இருந்தது, கால் இருந்தது. பெற்றவர்கள் நேர்த்திக்கடனுக்கு அபிசேகம் செய்தார்கள். மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது என்று தெரிய வருஷக்கணக்காயிற்று.

இப்போது அவனுக்கு முப்பத்திநாலு வயது. வேலை போயிற்று, கட்ட இருந்த பெண் போனாள், பெற்றோர் வீட்டு நிலவறையில் வெளிச்சத்தை அணைக்காமல் படுத்திருக்கிறான். மேலே யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கீழே அவன் தரையோடு தரையாகிவிடுவான். புத்தாண்டுக்கு ஊரே வாணம் விடும்போது சண்முகலிங்கம் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு, வீடுகளே இல்லாத வயல்வெளிக்குப் போய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வானொலியை உச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் தாய் கட்டிக்கொடுத்த இடியப்பத்தைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் தானாகவே படியேறி வந்து, குசினி வாசலில் நின்று, "அப்பா, யாய் கான் இக்க மேயர்," என்றான். டேனிஷில் சொன்னது போதாதென்று நினைத்தானோ என்னவோ, தமிழிலும் சொன்னான். "இனி ஏலாது அப்பா. எனக்கு டொக்டர் வேணும்."

தாய் அருமைநாயகி அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். நகரசபையில் விசாரித்தார்கள். நகரசபை அவர்களை நடுவத்துக்கு அனுப்பியது.

நடுவத்தின் முழுப்பெயர் 'முன்னாள் படையினர் மற்றும் அவர்தம் குடும்பத்தினரின் நலவாழ்வை அறியும் நடுவம்'. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அந்த நலவாழ்வைத் தருவது நடுவத்தின் வேலையல்ல, அறிவதுதான் வேலை. துறைமுகத்துப் பக்கம் கண்ணாடியால் கட்டிய கட்டடம். ஒரு மாடி நிறைய ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் ஆராய்ந்ததை நாட்டுக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் இன்னொரு மாடி நிறைய. நடையின் கடைசியில், தாழ்வாரத்துப் பூச்சாடிகளுக்குப் பக்கத்து அறையில், மனநல வைத்தியர் ஒருவர். ஒருவரே ஒருவர்.

அந்த ஒருவரிடம் போவதற்கு முன்னால் குடும்பத்தை அளக்க வேண்டும் என்பது நடுவத்தின் விதி. அளப்பதற்குக் கத்தரீனா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், மழையில் சைக்கிளில் வந்திருந்தாள், கையில் பலகைக் கணினி. அருமைநாயகி விடிந்ததிலிருந்து குசினியில் நின்று ரோல்ஸும் கட்லட்டும் கேசரியும் செய்து வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரியாமலிருக்கப் பவுடர் பூசியிருந்தாள். இனி நடுவத்துக்காரரோடு வரும் பேச்செல்லாம் டேனிஷில் நடந்தது. ஆனால் சண்முகலிங்கமும் அருமைநாயகியும் பேசியது யாழ்ப்பாணத்து டேனிஷ் என்பதால் அதை அப்படியே தருவதுதான் நியாயம்.

"வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கத்தரீனா தொடங்கினாள்.

"நல்லாய் இருக்கிறம்," என்றார் சண்முகலிங்கம்.

"உங்கள் மகன் நன்றாகத் தூங்குகிறாரா?"

"நல்லாய்."

நிலவறையில் தொம்மென்று சுவரில் எதுவோ மோதியது. கத்தரீனா நிமிர்ந்தாள்.

"வோஷிங் மெசின்," என்றார் சண்முகலிங்கம். "ரோல்ஸ் எடுங்கோ."

"குடும்பத்துக்குள் கோபதாபம் ஏதாவது?"

"எங்களுக்குள்ளையோ?" என்று அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் கத்தரீனா கணினியில் ஏற்றிக்கொண்டாள். விடைபெறும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இந்த வேலைக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை என்றாள். அருமைநாயகி மிச்சக் கட்லட்டைப் பொதி செய்து கொடுத்தாள்.

கதவு சாத்திய பிறகுதான் அருமைநாயகிக்கு உறைத்தது. "இஞ்சாருங்கோ, எல்லாம் நல்லாய் எண்டு சொல்லிப்போட்டியளே. பிறகென்னத்துக்கு அவன் டொக்டரிட்டைப் போறது?"

"இவ சும்மா கணக்கெடுக்க வந்தவ. வருத்தத்தை டொக்டரிட்டைத்தானே சொல்லோணும்?"

"அப்ப நீங்கள் வடிவாய் யோசிச்சுத்தான் சொன்னனீங்கள்."

"நீரும்தானே சிரிச்சனீர்?"

அடுத்த வாரம் கத்தரீனா தொலைபேசியில் அழைத்தாள். குரலில் பண்டிகை. "வாழ்த்துகள்! உங்கள் குடும்பத்தின் தாங்குதிறன் எங்கள் அளவுகோலின் உச்சியைத் தாண்டிவிட்டது. அளவுகோலைத் திருத்த வேண்டுமா என்று குழு அமைத்திருக்கிறோம்."

"சந்தோசம் பிள்ளை. தம்பிக்கு டொக்டர் எப்ப?"

"நிதுஷனைக் காத்திருப்புப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். இவ்வளவு உறுதியான குடும்பம் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது, வைத்தியம் இடையில் புகுந்து முடிவுகளைக் குழப்பக் கூடாது அல்லவா?"

"எவ்வளவு காலத்துக்குக் காத்திருக்கிறது?"

"ஆய்வு முடியும் வரைக்கும்."

"ஆய்வு எப்ப முடியும்?"

"அதைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு நடக்கிறது," என்றாள் கத்தரீனா.

சண்முகலிங்கம் தொலைபேசியை வைத்துவிட்டு நிலவறைப் படியில் போய் உட்கார்ந்தார். கீழே மகன் கேட்டான்: "என்னவாம்?" ஐம்பது வருஷப் பழக்கம் வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "பிழை விட்டிட்டன் தம்பி. போய்ச் சரிப்பண்ணிப்போட்டு வாறன்," என்றார்.

மறுநாள் காலை வேலை முடிந்த கையோடு, பேருந்துச் சீருடையிலேயே நடுவத்துக்குப் போனார். வரவேற்பில் ஒரு கிண்ணம் நிறைய அப்பிளும், 'ஆழமாக மூச்செடுங்கள்' என்ற அறிவிப்பும் இருந்தன. மூச்செடுத்தார். நடுவத்தின் இயக்குநர் தோர்பன் நேரிலேயே வந்து கைகுலுக்கினார். உயரமான மனிதர், கழுத்தில் பச்சைச் சால்வை, யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சரித்து இமைக்காமல் பார்ப்பார். நல்ல காது உள்ளவர் என்று பெயர். காது மட்டும்தான் உள்ளவர் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் கத்தரீனா கணினியோடு உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் பொய் சொல்லிப்போட்டன்," என்றார் சண்முகலிங்கம்.

தோர்பன் தலையைச் சரித்தார்.

"நாங்கள் நல்லாய் இல்லை. பெடியன் நித்திரை கொள்ளுறேல்லை. அவன் நித்திரை கொள்ளாததாலை நாங்களும் கொள்ளுறேல்லை. அண்டைக்குக் கேட்டது வோஷிங் மெசின் இல்லை. அவன்தான் சுவரிலை தலையை அடிச்சவன்."

பிறகு தோர்பன் கத்தரீனாவிடம் மெல்லக் கேட்டார்: "குறித்துக்கொண்டாயா?"

"குறித்துவிட்டேன். தன் பலவீனத்தை ஒப்புக்கொள்ளும் துணிவு, மிக அதிகம். பணிவு, மிக அதிகம். தவறைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல்..." அவள் விரல் நின்றது. "இதற்கு மேலே இடமில்லை."

"ஐயா, அந்தப் புள்ளியைக் குறையுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"பார்த்தாயா?" என்றார் தோர்பன் நெகிழ்ந்துபோய். "புகழையும் வேண்டாம் என்கிறார்."

சண்முகலிங்கத்துக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தினார், மேசையில் தட்டினார். உணர்ச்சியை அடக்கிவைக்காமல் ஆரோக்கியமாக வெளிப்படுத்துதல் என்று அதற்கும் ஒரு புள்ளி விழுந்தது. எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே நடந்தார். தன் எல்லைகளைத் தானே வகுத்துக்கொள்ளும் திறனுக்கு இன்னொரு புள்ளி. கத்தரீனா ஓடிவந்து, சிறப்பு ஏற்பாடாக மறுபடி ஒரு தடவை வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். அதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது வரவுக்கு அவர் போட்ட திட்டத்தைப் போல ஒரு திட்டம் அந்த வீட்டில் கலியாணத்துக்குக்கூடப் போட்டதில்லை. "பலகாரம் இல்லை. தேத்தண்ணி இல்லை. சிரிக்கப்படாது. வீட்டைக் கூட்டப்படாது. அவ வந்து இருந்தவுடனை நீர் என்னோடை சண்டை பிடிக்கோணும்," என்று மனைவியிடம் சொன்னார்.

"என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறது?"

"எதுக்கெண்டாலும் பிடியும். வருசம் முழுக்கக் காரணம் கேட்டே பிடிக்கிறனீர்?"

கத்தரீனா வந்தாள். வழக்கம்போல நனைந்து வந்தாள். அருமைநாயகி ஒரு நிமிஷம் கல்லாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது நிமிஷம் அந்தப் பெண்ணின் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். மூன்றாவது நிமிஷம் குசினியில் கேத்தில் கூவியது. சண்முகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"என்னப்பா செய்யிறீர்? நான் என்ன சொன்னனான்?"

"வந்த சனத்துக்கு வாய் நனைக்க ஒண்டும் குடாமல் எப்பிடியப்பா இருக்கிறது? என்னாலை ஏலாது."

"அப்ப சண்டையையாவது பிடியும்!"

அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள், முந்தைய நாள் எவருக்கும் தெரியாமல் சுட்டு ஒளித்து வைத்திருந்த சீப்பணியத்தையும் வைத்தாள், பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சண்டையைத் தொடங்கினாள். முதலில் குப்பை வாளியைப் பற்றிச் சொன்னாள். அது எடுபடவில்லை. பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, குரல் மாறிவிட்டது.

"அந்தப் படத்தைக் கழட்டுங்கோ எண்டு எத்தினை வருசமாய்ச் சொல்லுறன்!" என்று சுவரைக் காட்டினாள். அங்கே நிதுஷன் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தான். "அவன் போறன் எண்டு சொல்லேக்கை மறிச்சனீங்களோ? இந்த நாடு எங்களுக்குச் சோறு போட்டது, நாங்களும் ஏதும் குடுக்கத்தானே வேணும் எண்டு சொன்னது ஆர்? என்ரை பிள்ளையை எடுத்துக் குடுத்திட்டியள். வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ குடுக்கிறதுக்கு?"

சண்முகலிங்கம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். இது திட்டத்தில் இல்லை. "அவன் கேட்டவன், நாயகி. அவனே ஆசைப்பட்டுக் கேட்டவன். நான் மறிச்சிருந்தால் பயந்தாங்கொள்ளி அப்பா எண்டு நினைப்பானெண்டு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். இருவரும் தமிழில் கத்தி, தமிழிலேயே அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது கத்தரீனாவும் சீப்பணியத்தைக் கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லும் விளங்கவில்லை," என்றாள். "ஆனால் தம்பதியருக்குள் இவ்வளவு திறந்த உரையாடலை நாங்கள் எங்கேயும் பதிவு செய்ததில்லை."

அத்தோடு விஷயம் முடிந்தது. நடுவம் அவர்களை அந்த ஆண்டின் 'தாங்குதிறன் குடும்பம்' என்று அறிவித்தது. எடுத்துச் சொல்கிறவர்களின் மாடி இரவு பகலாக வேலை செய்தது. சண்முகலிங்கம் ஓட்டுகிற பேருந்தின் பக்கவாட்டிலேயே அவரும் அருமைநாயகியும் சிரிக்கும் படம் ஒட்டப்பட்டது. கீழே, 'அவர்களால் முடியும் என்றால் உங்களாலும் முடியும்' என்ற வாசகம். காத்திருப்புப் பிரிவிலிருந்த மற்றக் குடும்பங்களுக்கெல்லாம் அந்தப் படத்தின் பிரதி தபாலில் போயிற்று. அதைப் பார்த்தே அவர்கள் தேறிவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

நாட்டுக்காக வெளியே போய் வந்த படையினரைக் கௌரவிக்கக் கொடியேற்றுகிற நாள் செப்டம்பர் ஐந்து. அன்றைக்கு நடுவத்திலும் விழா. நிதுஷனும் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். கூட்டத்துக்குள் வரமாட்டேன், காருக்குள் இருக்கிறேன் என்று அவன் சம்மதித்ததே பெரிய காரியம். தாய் அவனோடு காரில் இருந்தாள். சண்முகலிங்கம் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனார். வாசலில் எல்லாருக்கும் கையில் ஒரு ரப்பர்ப் பட்டி கட்டினார்கள். நாடித் துடிப்பை அளப்பதற்கு என்றார்கள்.

நிகழ்ச்சி நிரலை வாசித்தார். முதலாவது: வரவேற்பு மரியாதையாகப் பீரங்கி முழக்கம்.

கத்தரீனாவைத் தேடிப் பிடித்தார். "பிள்ளை, இது என்ன விசர் வேலை? வந்திருக்கிறது முழுக்கச் சத்தத்துக்குப் பயந்த பெடியள். இதை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"நானும் சொன்னேன்," என்றாள் அவள் முகத்தைப் பார்க்காமல். "அது மேல் மாடியில் எடுத்துச் சொல்கிறவர்களின் முடிவு. படையினருக்குப் படைமரியாதை. தவிர, எல்லாருடைய கையிலும் பட்டி இருக்கிறதல்லவா? இப்படியொரு வாய்ப்பு ஆய்வுக்கு இனிக் கிடைக்காது என்கிறார் இயக்குநர். இடது பக்கம் அமைதி அறை வைத்திருக்கிறோம்."

அவர் வாசலை எட்டுவதற்குள் முழங்கிவிட்டது. மண்டபத்தில் விருந்தினர் பாதிப் பேர் நாற்காலிகளுக்குக் கீழே கிடந்தார்கள். ஒரு தாடிக்காரர் தன் நாயைக் கட்டிப்பிடித்திருந்தார், நாயா அவரா அதிகம் நடுங்கியது என்று சொல்ல முடியாது. சண்முகலிங்கம் கார் நிறுத்தத்துக்கு ஓடினார். காரின் கதவு திறந்து கிடந்தது. காருக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த சேற்றில் நிதுஷன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு முழங்காலில் கிடந்தான். அவனுக்கு மேல் தாய் கவிழ்ந்து படுத்திருந்தாள், சேலையெல்லாம் சேறு.

"போங்கோ," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "உள்ளை போய்ச் சொல்லுங்கோ."

அவர் திரும்பி நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது அமைச்சகத்திலிருந்து வந்த ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "நான் போருக்குப் போனதில்லை," என்றார் அவர் குரல் தழுதழுக்க. "ஆனால் போரைப் பற்றிய கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அவையும் சுலபமானவை அல்ல."

நாற்காலிகளுக்குக் கீழேயிருந்து எழுந்தவர்கள் கையைத் தட்டினார்கள். அடுத்து தோர்பன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் நம் வீரர்கள் எவருக்கும் தெரியாமல் துன்பப்பட்டார்கள். அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது. இன்று அவர்கள் துன்பப்படுவது நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். நடுவத்தைத் தொடங்கியபோது என்னிடம் கேட்டார்கள், இவர்களைச் சுகப்படுத்தப் போகிறீர்களா என்று. நான் சொன்னேன், அவசரம் கூடாது. சுகமாகிவிட்டால் பிறகு எதை அளப்பது? காத்திருப்புப் பிரிவில் இருக்கிறவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. காத்திருப்பதன் மூலம் அவர்கள் இரண்டாவது தடவையாக நாட்டுக்குச் சேவை செய்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தகவலைக்கூட நாங்கள் இழந்ததில்லை. ஆட்களைச் சிலவேளை இழந்திருக்கிறோம். ஆனால் அவர்களுடைய தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன."

பிறகு சண்முகலிங்கத்தை மேடைக்கு அழைத்தார்கள். கண்ணாடியில் செய்த மரம் ஒன்று விருது. புயலில் வளைந்தாலும் முறியாத மரமாம். "கவனமாகப் பிடியுங்கள், உடைந்துவிடும்," என்று காதுக்குள் சொல்லிக் கொடுத்தார் தோர்பன். பிறகு ஒலிவாங்கியை நீட்டினார். "எங்களுக்கெல்லாம் ஊக்கம் தருகிற அந்தப் பதிலை நீங்களே சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?"

மண்டபம் காத்திருந்தது. சண்முகலிங்கம் மரத்தைத் தரையில் வைத்தார்.

"நாங்கள் நல்லாய் இல்லை," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக. "கொஞ்சமும் நல்லாய் இல்லை. என்ரை மகன் வெளியிலை சேத்துக்குள்ளை கிடக்கிறான். உங்கடை பீரங்கி மரியாதைதான் அவனை விழுத்தினது. அவன் டொக்டர் வேணுமெண்டு கேட்டவன். நீங்கள் அவனை அளந்து வைச்சிருக்கிறியள்."

கைதட்டல் எழுந்தது. தோர்பன்தான் தொடங்கினார், தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு. எவ்வளவு துணிவு, எவ்வளவு நேர்மை என்று முன்வரிசை கண்ணைத் துடைத்தது. இதையும் புள்ளியாக்கிவிடப் போகிறார்கள் என்று சண்முகலிங்கத்துக்கு விளங்கியது.

"கையைத் தட்டாதேங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒலிவாங்கி கீச்சிட்டது. "நான் இறங்கப் போறேல்லை. என்ரை பெடியனுக்கு டொக்டரைப் பாக்க நாள் குறிச்சுத் தந்தால்தான் இறங்குவன். பஸ் வாசலிலை ஆக்கள் நிண்டால் நான் பஸ்ஸை எடுக்கிறேல்லை. ஒருத்தரும் செத்துப்போகேல்லை, பிந்தித்தான் போறவை. நீங்களும் பிந்துங்கோ." தோர்பனின் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

மேல் மாடிக்காரர்கள் இசையைப் போட்டார்கள். அவர் அசையவில்லை. நாயோடு இருந்த தாடிக்காரர் எழுந்து, "எங்கள் வீட்டிலும் நன்றாக இல்லை," என்றார். பின்வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள். "உங்கள் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, எங்களால் மட்டும் ஏன் முடியவில்லை என்று என் கணவர் தினமும் கேட்கிறார். எங்களாலும் முடியவில்லை." ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் கையிலிருந்த பட்டியைக் கழற்றி மேடையில் எறிந்தார்கள். சேறு படிந்த காற்சட்டையோடு நிதுஷன் கதவருகில் வந்து நின்றான், தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு. கூட்டம் வழிவிட்டது. அவன் வேர்க்க வேர்க்க நடந்து வந்து, மேடையேறி, தகப்பனின் காலடியில் உட்கார்ந்தான்.

"அப்பா, எனக்கும் இடம் விடுங்கோ," என்றான்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து நரைத்த தலைமயிருள்ள பெண்மணி ஒருவர் கையை உயர்த்தினார். "நான்தான் இந்த நடுவத்தின் மனநல வைத்தியர். செவ்வாய்க்கிழமை காலை எனக்கு நேரம் இருக்கிறது. வசந்த காலத்திலிருந்து எல்லாச் செவ்வாயும் நேரம் இருக்கிறது. மற்ற நாட்களிலும்தான். எல்லாரையும் காத்திருப்புப் பிரிவில் போட்டுவிட்டார்கள். நான் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்."

"இது ஆய்வு முறைக்கு முற்றிலும்..." என்று தொடங்கினார் தோர்பன். அவருடைய கால் பட்டுத் தாங்குதிறன் மரம் உருண்டு, சுக்குநூறாயிற்று. நாய் குரைத்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பெயர் கொடுக்க மேடையின் முன்னால் வரிசை நின்றது.

நிதுஷன் இப்போது செவ்வாய்தோறும் போய் வருகிறான். சில செவ்வாய்களில் சிரித்துக்கொண்டு வருவான், சிலவற்றில் வந்த கையோடு நிலவறைக்குள் இறங்கிவிடுவான். வெளிச்சத்தை அணைத்துப் படுக்கிற நாட்களும் உண்டு. சுவரிலிருந்த படத்தை அவனே கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோனான். நடுவத்தின் அறிக்கையில் ஒடென்சேயின் தாங்குதிறன் தரைமட்டமாகிவிட்டது. அதன் காரணத்தை அறியப் புதிய ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது, இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அந்தப் புதிய ஆய்வுக்காகக் கத்தரீனா மறுபடி வந்து மணியடித்தாள். அதே மழை, அதே கணினி. மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். அருமைநாயகி கதவைத் திறந்தாள், வழி விடவில்லை.

"நிதுஷன் எப்படி இருக்கிறார்?" என்று கத்தரீனா கேட்டாள்.

"அதை அவன் தன்ரை டொக்டரிட்டைச் சொல்லுவான். நீர் எப்பிடி இருக்கிறீர் பிள்ளை?"

"நான் நன்றாக இருக்கிறேன்," என்றாள் கத்தரீனா சட்டென்று.

அருமைநாயகிக்கு அந்தப் பதிலைத் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஐம்பது வருஷமாகப் புழங்கிய பதில் அது. "உந்தப் பெட்டியை வெளியிலை வைச்சிட்டு உள்ளை வாரும்," என்றாள்.

"இது அலுவலகச் சொத்து. மழையில் வைக்க முடியாது."

"அப்ப அதோடை நில்லும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். குசினியிலிருந்து சண்முகலிங்கம், ஆர் வந்தது என்று கேட்டார். "நடுவம்," என்றாள். "போட்டுதோ?" என்றார். "நிக்குது."

கதவின் கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தார்கள். வெளியே அந்தப் பெண் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு குனிந்து, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், மழை விழுகிற படியில் அதை வைத்தாள். மறுபடி மணியடித்தது. அருமைநாயகி கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.